அறை ஒன்று, ஊர் பல! டான்யூப் நதியில் ஒரு வாரம்

பெட்டியை ஒரு முறை திறந்தால் போதும். ஒரு வாரத்துக்கு அதை மூட வேண்டியதில்லை. அறை அப்படியே இருக்கும். ஊர்தான் மாறிக்கொண்டே இருக்கும்! காலையில் ஜன்னலுக்கு வெளியே ஒரு கோட்டை. மறுநாள் அதே ஜன்னலில் வேறொரு நாடு!

ஐரோப்பாவில் ஓடும் டான்யூப் நதியில் இப்படி ஒரு கப்பல் பயணம் போகலாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவன்-மனைவிமார் இதற்கு நிறைய வருகிறார்கள். அப்படி ஒரு ஜோடி கப்பல் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களோடு நாமும் போவோம்.

டான்யூப் சின்ன ஆறு அல்ல. ஜெர்மனியில் உள்ள கருங்காட்டில் பிறக்கிறது. கருங்கடலில் போய் விழுகிறது. நீளம் ஏறத்தாழ 2,850 கி.மீ. பத்து நாடுகளைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது.

பயணம் தொடங்கும் ஊர் பாசாவ். ஜெர்மனியின் எல்லையில் இருக்கிறது. இங்கே மூன்று ஆறுகள் கூடுகின்றன. ஒன்றின் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். இன்னொன்று பச்சை. கலந்த பிறகும் கொஞ்ச தூரம் நிறம் தனித்தனியாகத் தெரியும். மனைவி எட்டிப் பார்க்கிறாள்.

"நீல டான்யூப் என்று சொன்னீர்களே, நீலத்தையே காணோமே?"

"அது பாட்டில்தான்!" என்கிறார் கணவர்.

ஸ்டிராஸ் என்ற இசை மேதை 1867-ல் வியன்னாவில் அரங்கேற்றிய பாட்டு அது. அன்றிலிருந்து இந்த ஆற்றுக்கு நீலம் என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

படி இறங்கும் கப்பல்

பாசாவிலிருந்து வியன்னா நகரின் கீழ்க்கோடி வரை, ஆற்றின் குறுக்கே 10 மின்சார அணைகள் இருக்கின்றன. கப்பல் எப்படிப் போகும்?

அணைக்குப் பக்கத்தில் பெரிய தொட்டி ஒன்று கட்டியிருக்கிறார்கள். கப்பல் அதற்குள் நுழைகிறது. பின்னால் கதவை மூடுகிறார்கள். தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிறார்கள். தண்ணீரோடு கப்பலும் இறங்குகிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஈரச் சுவர் மேலே ஏறுவது போல் இருக்கும்! கீழ் மட்டம் வந்ததும் முன்கதவு திறக்கிறது. கப்பல் மெதுவாக வெளியே வருகிறது. மாடிப்படி இறங்குவது போலத்தான்.

சிறைப்பட்ட ராஜா

மெல்க் என்ற ஊரைத் தாண்டினால் வாசாவ் பள்ளத்தாக்கு. சுமார் 36 கி.மீ. நீளம். பயணத்தில் மிக அழகான இடம் இதுதான். மலைச்சரிவில் படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள். ஆப்ரிகாட் பழமரங்கள். இடையில் டூர்ன்ஸ்டீன் என்ற சிற்றூர். குன்றின் மேல் ஓர் இடிந்த கோட்டை.

இங்கேதான் 1192-ல் இங்கிலாந்து ராஜா ரிச்சர்டைச் சிறை வைத்தார்கள்! சிலுவைப் போரில் இவர் ஆஸ்திரியப் பிரபுவின் கொடியை அவமதித்தார் என்று கோபம். மாறுவேடத்தில் ஊர் திரும்பும்போது வியன்னா அருகே பிடிபட்டார். பிறகு ஜெர்மன் சக்கரவர்த்தியின் கைக்கு மாற்றப்பட்டார். அவரை மீட்க ஏராளமான வெள்ளி கொடுக்க வேண்டியிருந்தது. அதற்காக இங்கிலாந்து மக்களின் வருமானத்தில் கால் பங்கை வரியாக வாங்கினார்கள். பாவம், ராஜாவின் கோபத்துக்கு ஜனங்கள் பணம் கட்டினார்கள்! 1194-ல்தான் அவர் விடுதலையானார்.

அவருடைய பாடகன் ஒருவன் கோட்டை கோட்டையாகப் பாடித் திரிந்து, உள்ளே இருந்து வந்த எதிர்ப்பாட்டைக் கேட்டு அவரைக் கண்டுபிடித்தான் என்று ஒரு கதை உண்டு. அது கட்டுக்கதைதான். ஆனாலும் கப்பலில் கேட்க நன்றாக இருக்கும்.

ஆறு மனம் வைத்தால்தான்

பல வருஷம் சேர்த்த பணத்தில் வரும் பயணம் இது. ஆனால் பணம் கட்டிவிட்டால் மட்டும் போதாது. ஆறும் மனம் வைக்க வேண்டும்.

மழை அதிகமானால் வெள்ளம். பாலத்துக்கு அடியில் கப்பல் நுழையாது. 2013 ஜூனில் பாசாவில் 500 ஆண்டுகளில் காணாத வெள்ளம் வந்தது. 2024 செப்டம்பர் வெள்ளத்தில் ஆஸ்திரியாவில் கப்பல் போக்குவரத்தே நின்றது. பயணிகள் வியன்னாவில் கரையோரமே காத்துக்கிடந்தார்கள்.

மழை பொய்த்தாலோ கப்பல் தரை தட்டும். 2022 கோடையில் தண்ணீர் வற்றி, 1944-ல் ஜெர்மானியரே மூழ்கடித்த போர்க்கப்பல்கள் செர்பியாவில் வெளியே தலை நீட்டின! இப்படிப்பட்ட சமயத்தில் பயணிகளைப் பஸ்ஸில் ஏற்றி, ஆழமான இடத்தில் நிற்கும் வேறு கப்பலுக்கு அனுப்புகிறார்கள். மூட வேண்டாத பெட்டியை மூடத்தான் வேண்டும்.

நம் ஜோடிக்கு ஆறு நல்லபடியாகவே இருந்தது. கடைசி ஊர் புடாபெஸ்ட். ஒரு கரை புடா, மறு கரை பெஸ்ட். 1873-ல்தான் ஒரே நகராயின. இரவில் பாலங்களும் நாடாளுமன்றமும் விளக்கொளியில் ஜொலிக்கும். எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடி வருவார்கள்.

மறுநாள் காலையில் இருவரும் கரையோரம் நடக்கிறார்கள். நாடாளுமன்றத்துக்குக் கொஞ்ச தூரத்தில், தண்ணீர் விளிம்பில் செருப்பும் பூட்ஸுமாக 60 ஜோடி. எல்லாம் இரும்பு. ஆண்களுடையவை, பெண்களுடையவை, குழந்தைகளுடையவை. 1944-45-ல் ஹங்கேரியின் நாஜிக் கூட்டத்தார் யூதர்களை இந்தக் கரையில் நிறுத்தினார்கள். காலணிகளைக் கழற்றச் சொன்னார்கள். சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். அவர்கள் நினைவாக 2005-ல் வைத்த சின்னம் இது.

ஒரு குழந்தையின் பூட்ஸுக்குள் யாரோ பூ வைத்திருக்கிறார்கள். மனைவி அதன் பக்கத்தில் குனிந்து உட்காருகிறாள். கப்பலுக்குத் திரும்ப இன்னும் நேரம் இருக்கிறது. கணவர் அவசரப்படுத்தவில்லை.