புழக்கடைத் தோட்டமும் மக்கிய எருவும்

நெசவாளர் குடும்பத்தின் வரவு ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு போட இயலாது, குழித்தறியில் ஈரம் ஊறும், வேலை தடைப்படும். கூலி குறையும் அந்நாட்களில் காய்கறியைக் காசு கொடுத்து வாங்குவது பெருஞ்சுமையாகிவிடுகிறது. அவ்வேளையில் வீட்டின் பின்புறத்திலிருந்தே ஒரு வேளைக் குழம்புக்குக் காயும் ஒரு கைப்பிடிக் கீரையும் கிடைக்குமாயின் அது எத்துணை உதவி என்பதை அங்கத்தினர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. இரசாயன உரமும் பூச்சிமருந்தும் வாங்காமலே அத்தகைய தோட்டத்தைத் தொடங்கும் வகையை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தோட்டம் போடுவோர் முதலில் விதையைத் தேடுகின்றனர். முதலில் தேடவேண்டியது எருவே. இரசாயன உரம் நீரில் கரைந்தவுடன் வேருக்குச் சேர்கிறது. குப்பையும் சாணமும் அவ்வாறல்ல. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றைச் சிறுகச் சிறுகச் சிதைத்த பின்னரே அவற்றின் சத்து பயிருக்குக் கிட்டும். மக்காத சருகைப் பாத்தியில் புதைத்தால், அந்நுண்ணுயிர்கள் தம் வளர்ச்சிக்காக மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். செடி வெளிறி நிற்கும். “இயற்கை எரு பலன் தரவில்லை” என்று சிலர் முதற்போகத்திலேயே கைவிடுவதற்கு இஃதொரு முக்கிய காரணம். ஆதலின் ஆடியில் விதைக்க விரும்புவோர் சித்திரையிலேயே எருக்குழி வெட்டுதல் வேண்டும்.

குழி 6 அடி நீளம், 3 அடி அகலம், 2½ அடி ஆழம் இருந்தால் போதும். கிணற்றுக்கு எட்டவும், மழைநீர் தேங்காத மேட்டிலும், மர நிழலிலும் அமைக்கலாம். அடியில் அரை அடிக்குக் காய்ந்த சருகு, அதன்மேல் காய்கறித் தோலும் பச்சைத்தழையும், அதன்மேல் சாணக்கரைசல், பிறகு ஒரு கூடை மண் என அடுக்கடுக்காக நிரப்புக. ஒரு பிடியை எடுத்துப் பிழிந்தால் கை நனையவேண்டும், நீர் ஒழுகக்கூடாது. மாதம் ஒருமுறை கிளறிவிட்டால் மூன்று மாதத்தில் கறுத்து, உதிர்ந்து, மண்வாசனை வீசும். துர்நாற்றம் எழுமாயின் நீர் மிகுந்து காற்றுப் புகவில்லையென்று அறிந்து, சருகு சேர்த்துக் கிளறவேண்டும்.

தறி வீட்டாருக்கு இங்கே தனியாகச் சில கூற வேண்டியுள்ளது. பாவுக்குப் போட்டு மிஞ்சிய அரிசிக் கஞ்சியையும், சாயமேறாத பருத்தி நூற்கழிவையும் குழியில் இடலாம், இரண்டும் மக்கும். கஞ்சி கெடாதிருக்க மயில்துத்தம் கலந்திருந்தால் அதை இடலாகாது. அது நுண்ணுயிரைக் கொல்லும். பாலியெஸ்டர் நூல் மக்குவதே இல்லை. சாயத்தண்ணீரையோ ஒரு சொட்டும் தோட்டத்துப் பக்கம் விடலாகாது. சாயம் ஏற்றுவதற்கென உப்பும் சோடாவும் அதில் மிகுதியாகச் சேர்க்கப்படுகின்றன. உப்பேறிய மண்ணை எவ்வளவு எருவிட்டும் எளிதில் மீட்க இயலாது. சாயக்கழிவால் நொய்யலாற்று நீரும் ஒரத்துப்பாளையம் அணையின் நீரும் பாசனத்திற்கு உதவாமற் போனதையும், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் அங்கத்தினர் அறிவர். ஆற்றுக்கு நேர்ந்தது புழக்கடைக்கும் நேரும்.

இனி நிலம். 20 அடிக்கு 10 அடி, அதாவது அரை சென்டுக்கும் சற்றுக் குறைந்த இடம், தொடக்கத்திற்குப் போதுமானது. 3 அடி அகலமுள்ள ஐந்து பாத்திகளும் இடையே ஓரடி நடைபாதையும் அதில் அடங்கும். மழைக்காலத்தை உத்தேசித்துப் பாத்திகளை அரை அடி உயர்த்துக. பாத்திக்கு 10 முதல் 15 கிலோ மக்கிய எருவும் கால் கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலக்கவேண்டும். மழைக்காலத்தில் சூரியன் தென்புறம் சாய்ந்திருப்பதால், அவரை, புடலைப் பந்தல்களை வடக்கோரம் அமைத்தால் நிழல் விழாது.

ஆடிப் பதினெட்டை ஒட்டி வெண்டையை நேராக ஊன்றினால் 45 நாட்களில் காய் பறிக்கலாம். கத்தரியை நாற்றுவிட்டு, ஆவணியில் இரண்டடிக்கு ஒன்றாக நட்டால் ஐப்பசியில் காய்க்கும். கொடியவரை மார்கழி, தை வரை கைகொடுக்கும். அரைக்கீரை, சிறுகீரை விதைகளைப் பத்து நாட்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகத் தூவினால் தட்டுப்பாடில்லை. குளியல்நீர் ஓடும் இடத்தில் வாழை வைக்கலாம்.

பூச்சி கண்டவுடன், வயலுக்கு வாங்கி மிஞ்சிய மருந்தைத் தெளிக்க விவசாய அங்கத்தினருக்குக் கை நீளும். அதனை வன்மையாகத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மருந்தடித்த பின் குறிப்பிட்ட நாட்கள் பறிக்காமல் இருத்தல் விதி. ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்கும் வெண்டையிலும், மூன்று வாரத்தில் அறுக்கும் கீரையிலும் அவ்விதியைக் காப்பது எங்ஙனம்? உண்பவர் நம் குழந்தைகளேயன்றோ? அதற்கு மாற்றாக, அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் முடிந்து, 10 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். கத்தரியின் நுனி வாடினால் உள்ளே புழு இருக்கிறது. அந்நுனியைக் கிள்ளி எரித்துவிடவேண்டும். நரம்பு மஞ்சளித்த வெண்டைச் செடியை வேரோடு பிடுங்குக. வெள்ளை ஈ அந்நோயைப் பிற செடிகளுக்குப் பரப்பும்.

முதற்போகத்தில் விளைச்சல் குறையலாம். மண்ணில் உயிர் பெருகப் பெருக, அடுத்த போகங்களில் நிலைமை தேறும். எனவே ஒரு போகத்தைக் கொண்டு முடிவுகட்டாது, செலவையும் பறித்த காயின் எடையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல் நலம்.

வேப்பம் பிண்ணாக்கைச் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொண்டால் செலவு குறையும். ஒவ்வொரு வீட்டாரும் ஒரு நாட்டு இனத்தைப் பொறுப்பேற்று, நல்ல செடியொன்றை விதைக்கென விட்டுவைத்து, பிறருடன் மாற்றிக்கொள்ளலாம். வீரிய ஒட்டு இனத்தின் விதை இதற்கு உதவாது. அடுத்த தலைமுறையில் குணம் மாறிவிடும். இவ்வாண்டு சித்திரையில் சங்கத்திற்குப் பத்து வீட்டாரேனும் குழி வெட்டத் தொடங்குவார்களாயின், ஐப்பசி மழையில் தறி நின்றாலும் அவ்வீடுகளில் குழம்புக்குக் காயிருக்கும்.