2001: யுத்தச் செலவும் சரிந்த பெரும்பான்மையும்

நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி முறைமை 1978 ஆம் ஆண்டில் இந்நாட்டில் அறிமுகப்படுத்தப்பட்டபோது, அதற்கு ஆதரவாகக் கூறப்பட்ட பிரதான நியாயம் உறுதிப்பாடாகும். பாராளுமன்றத்தில் கட்சிகளின் பலம் ஏறி இறங்கினாலும் நாட்டின் தலைமை ஆட்டங் காணாது. கடினமான பொருளாதார முடிவுகளையும் பாதுகாப்பு முடிவுகளையும் துணிந்து எடுக்க முடியும் என்று சொல்லப்பட்டது. அந்த நியாயம் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட ஆண்டு எதுவென்று கேட்டால், 2001 ஆம் ஆண்டையே சுட்டிக்காட்ட வேண்டியிருக்கும். யுத்தம், திறைசேரி, பாராளுமன்றம் ஆகிய மூன்றும் ஒரே வேளையில் ஓர் ஜனாதிபதியின் கையை மீறிச் சென்ற ஆண்டு அது.

சமாதானத்தை ஏற்படுத்துவதாகவும், நிறைவேற்று ஜனாதிபதி முறைமையை ஒழிப்பதாகவும் வாக்குறுதி அளித்தே திருமதி சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க 1994 நவம்பரில் 62 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்றார். வடக்கு, கிழக்குத் தமிழ் மக்களும் முஸ்லிம் மக்களும் பெரும் எதிர்பார்ப்புடன் அவருக்கு வாக்களித்திருந்தனர். ஆனால் 1995 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த யுத்த நிறுத்தம் அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் முறிந்தது. அதன் பின்னர் 'சமாதானத்துக்கான யுத்தம்' என்ற பெயரில் அரசாங்கம் முன்னெடுத்த கொள்கை, சமாதானத்தைப் பின்தள்ளி யுத்தத்தை முன்னிறுத்துவதாகவே அமைந்தது. 1995 டிசம்பரில் யாழ்ப்பாணம் கைப்பற்றப்பட்டதும் முடிவு நெருங்கிவிட்டதாகத் தென்னிலங்கையில் ஒரு நம்பிக்கை நிலவியது. 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்ததும், 1997 மே மாதத்தில் ஆரம்பிக்கப்பட்ட 'ஜயசிக்குறு' நடவடிக்கை ஒன்றரை வருடங்களின் பின்னர் கைவிடப்பட்டதும் அந்த நம்பிக்கையைத் தகர்த்தன. 2000 ஏப்ரல் 22 ஆம் திகதி ஆனையிறவுப் பெருந்தளமும் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது.

ஆனையிறவின் வீழ்ச்சி இராணுவப் பின்னடைவு மாத்திரமல்ல, பொருளாதார நெருக்கடியின் தொடக்கப் புள்ளியும் அதுவே. யாழ்ப்பாணத்தைத் தக்கவைப்பதற்காக அரசாங்கம் அவசர அவசரமாக ஆயுதக் கொள்வனவில் இறங்கியது. நாடு 'யுத்த நிலைக்கு' மாற்றப்படுவதாக 2000 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டு, அவசியமற்றவை எனக் கருதப்பட்ட அபிவிருத்தித் திட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. செய்தித் தணிக்கை இறுக்கப்பட்டது. இஸ்ரேலுடன் இராஜதந்திர உறவும் மீண்டும் ஏற்படுத்தப்பட்டது. இது முஸ்லிம் மக்கள் மத்தியில் ஆழ்ந்த அதிருப்தியைத் தோற்றுவித்தது.

ஆயுதங்களுக்கு ரூபாவில் அன்றி டொலரிலேயே பணம் செலுத்த வேண்டும். அதே ஆண்டில் உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் உயர்ந்தது. இரண்டு சுமைகளும் ஒன்றாக வந்து விழுந்தபோது அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரையத் தொடங்கியது. 1999 இறுதியில் சுமார் 160 கோடி டொலராக இருந்த உத்தியோகபூர்வ கையிருப்பு, 2000 இறுதியில் ஏறத்தாழ 100 கோடி டொலராகச் சுருங்கியது. இது நாட்டின் இரண்டு மாத இறக்குமதிக்கும் போதுமானதல்ல.

ரூபாவைத் தாங்கிப் பிடிக்கும் வலு மத்திய வங்கிக்கு இல்லாமற் போனதால், 2001 ஜனவரி 23 ஆம் திகதி நாணயமாற்று வீதம் சந்தையின் போக்குக்கு விடப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் சராசரியாக சுமார் 76 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி 2001 இல் சராசரியாக 89 ரூபாவைத் தொட்டது. அரிசி தவிர்ந்த அத்தியாவசியப் பொருட்களில் கணிசமானவற்றை இறக்குமதி செய்யும் நாட்டில், இதன் தாக்கம் நேரடியாக வீட்டு அடுப்பங்கரைக்கே சென்றது. 2000 ஆம் ஆண்டில் 6 சதவீதமளவில் இருந்த கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின் உயர்வு, 2001 இல் 14 சதவீதத்தைத் தாண்டியது. யுத்தச் செலவுக்கென அறவிடப்பட்ட தேசிய பாதுகாப்பு வரியும் படிப்படியாக உயர்த்தப்பட்டது. அந்த வரி வறியவரையும் செல்வந்தரையும் பிரித்துப் பார்க்கவில்லை. கடைக்குச் சென்று பொருள் வாங்கிய ஒவ்வொருவரும் யுத்தத்துக்குப் பங்களித்தனர்.

இந்நிலையில் அரசாங்கம் சர்வதேச நாணய நிதியத்தின் கதவைத் தட்டியது. 2001 ஏப்ரலில் சுமார் 25 கோடி டொலர் கடனுக்கு நிதியம் இணங்கியது. வரவு செலவுத் திட்டப் பற்றாக்குறையைக் குறைக்க வேண்டும், அரச செலவினத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பன அதற்கான நிபந்தனைகளாகும். ஆனால் பாதுகாப்புச் செலவைத் தொட முடியாத ஓர் அரசாங்கம் வேறு எதைக் குறைக்க முடியும்? வீதிகள், பாடசாலைகள், வைத்தியசாலைகள் ஆகியவற்றுக்கான மூலதனச் செலவே இத்தகைய வேளைகளில் முதலில் வெட்டப்படுவது வழமை.

தென்னிலங்கை மக்கள் விலைவாசியால் அவதியுற்ற அதே காலப்பகுதியில், வன்னியில் வாழ்ந்த தமிழ் மக்கள் பொருளாதாரத் தடையின் கீழ் இருந்தனர் என்பதையும் மறந்துவிடலாகாது. ஏ-9 பாதை மூடப்பட்டிருந்ததால் யாழ்ப்பாணத்துக்கான பொருட்கள் கடல்வழியே செல்ல வேண்டியிருந்தது. எரிபொருள், உரம், சீமெந்து போன்றவை வன்னிக்குள் கொண்டு செல்லப்படுவது கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. கொழும்பில் 2001 இல் உணரப்பட்ட நெருக்கடியை வடக்கு மக்கள் அதற்கு முன்னரே பல ஆண்டுகளாக அனுபவித்து வந்தனர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்களோ புத்தளம் போன்ற இடங்களில் பத்து வருடங்களுக்கு மேலாக அகதிகளாகவே வாழ்ந்து கொண்டிருந்தனர்.

பொருளாதாரம் இவ்வாறிருக்க, பாராளுமன்றக் கணக்கும் அரசாங்கத்துக்குச் சாதகமாக இருக்கவில்லை. 2000 ஆகஸ்டில் சமர்ப்பிக்கப்பட்ட புதிய அரசியலமைப்புச் சட்டமூலம், ஐக்கிய தேசியக் கட்சியின் எதிர்ப்பினாலும் பௌத்த பிக்குகளின் போராட்டத்தினாலும் ஒத்திவைக்கப்பட்டது. மூன்றில் இரண்டு பெரும்பான்மை கிடைக்காது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. அதே ஆண்டு செப்டெம்பர் 16 ஆம் திகதி ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் ஸ்தாபகத் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் ஹெலிகொப்டர் விபத்தில் மரணமானார். ஒக்டோபர் 10 ஆம் திகதி நடைபெற்ற பொதுத் தேர்தலில் பொதுஜன ஐக்கிய முன்னணி 107 ஆசனங்களையே பெற்றது. 225 உறுப்பினர்களைக் கொண்ட சபையில் தேவைப்பட்ட 113 ஐ எட்டுவதற்கு முஸ்லிம் காங்கிரஸின் தேசிய ஐக்கிய முன்னணியும் ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியும் கைகொடுத்தன. சிங்களப் பெரும்பான்மைக் கட்சியொன்றின் ஆட்சி, சிறுபான்மைக் கட்சிகளின் ஒருசில ஆசனங்களிலேயே தங்கியிருந்தது.

அந்த ஆதரவு நீடிக்கவில்லை. 2001 மே மாத ஆரம்பத்தில் மாவனெல்லையில் முஸ்லிம்களின் வர்த்தக நிலையங்களும் வீடுகளும் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டன. சட்டமும் ஒழுங்கும் காக்கப்படவில்லை என்ற குமுறல் முஸ்லிம் மக்களிடையே எழுந்தது. ஜூன் மாதத்தில் ரவூப் ஹக்கீம் அமைச்சர் பதவியிலிருந்து நீக்கப்பட்டதைத் தொடர்ந்து முஸ்லிம் காங்கிரஸின் ஒரு பிரிவினர் அரசாங்கத்திலிருந்து வெளியேறினர். பெரும்பான்மை பறிபோனது. எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாப் பிரேரணையைக் கொண்டுவர முனைந்த வேளையில், ஜனாதிபதி ஜூலை 10 ஆம் திகதி பாராளுமன்றக் கூட்டத்தொடரை ஒத்திவைத்தார். புதிய அரசியலமைப்புத் தொடர்பாகச் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தப்படும் எனவும் அறிவித்தார். நிறைவேற்று அதிகாரம் சபையின் வாயை மூட முடியும். ஆனால் சபையில் ஆதரவை உருவாக்க முடியாது என்பது இங்குதான் வெளிப்பட்டது.

ஜூலை 24 ஆம் திகதி அதிகாலையில் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தின் மீதும் சர்வதேச விமான நிலையத்தின் மீதும் விடுதலைப் புலிகள் தாக்குதல் நடத்தினர். படை விமானங்களுடன் ஸ்ரீலங்கன் விமான சேவையின் பயணிகள் விமானங்களும் அழிந்தன, சேதமடைந்தன. இதனால் அச்சேவையின் விமானங்களில் ஏறத்தாழ அரைப்பங்கு ஒரே நாளில் பயன்பாட்டிலிருந்து நீங்கியது. எரிந்த விமானங்களின் விலையை விட, அதன்பின் வந்த காப்புறுதிச் செலவே நாட்டை அதிகம் வாட்டியது எனலாம். சர்வதேசக் காப்புறுதி நிறுவனங்கள் இலங்கையை யுத்த அபாய வலயமாகக் கணித்தமையால், கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கும் மேலதிகக் கட்டணம் விதிக்கப்பட்டது. தேயிலை, ஆடை ஏற்றுமதி, சுற்றுலாத்துறை யாவும் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டின் வறட்சியால் நீர்மின் உற்பத்தி வீழ்ந்து நாளாந்த மின்வெட்டும் வந்து சேர்ந்தது. செப்டெம்பர் 11 தாக்குதலின் பின்னர் அமெரிக்கச் சந்தையும் தளர்ந்தது.

அரசாங்கம் தன்னைக் காத்துக்கொள்ள இறுதியாக நாடியது மக்கள் விடுதலை முன்னணியை. செப்டெம்பர் 5 ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட புரிந்துணர்வு உடன்படிக்கையின்படி அமைச்சரவை இருபதாகக் குறைக்கப்பட வேண்டும். சுயாதீன ஆணைக்குழுக்கள் அமைக்கப்பட வேண்டும். அதிகாரப் பகிர்வு யோசனைகள் ஒரு வருடத்துக்கு முன்வைக்கப்படலாகாது. 17 ஆவது திருத்தம் இதன் விளைவாக நிறைவேறியது நன்மையே. ஆயினும் தமிழ் மக்களும் முஸ்லிம் மக்களும் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஏழு வருடங்களாக அரசாங்கம் தனது பிரதான கொள்கையெனப் பறைசாற்றிய அதிகாரப் பகிர்வு, ஆட்சிக்கு ஆபத்து வந்தபோது விலைபேசப்பட்ட முதற் பொருளாயிற்று.

அந்த உடன்பாடும் ஆட்சியைக் காக்கவில்லை. ஒக்டோபரில் எஸ்.பி. திசாநாயக்க, ஜீ.எல். பீரிஸ் உள்ளிட்டோர் எதிரணிக்குச் சென்றதும், 10 ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. டிசம்பர் 5 ஆம் திகதித் தேர்தலில் ஐக்கிய தேசிய முன்னணி 109 ஆசனங்களையும், பொதுஜன ஐக்கிய முன்னணி 77 ஆசனங்களையும் பெற்றன. அவ்வாண்டு நாட்டின் பொருளாதாரம் ஏறத்தாழ 1.5 சதவீதம் சுருங்கியது. சுதந்திரத்துக்குப் பின்னர் இவ்வாறு சுருங்கியது அதுவே முதற்றடவை. அரச கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியையே விஞ்சியது.

2002 பெப்ரவரி 22 ஆம் திகதிய யுத்தநிறுத்த உடன்படிக்கை இந்தப் பின்னணியிலேயே பிறந்தது. யுத்தத்தைத் தொடரப் பணமில்லை என்ற நிலையே தென்னிலங்கையைப் பேச்சுவார்த்தை மேசைக்குத் தள்ளிய பிரதான காரணிகளில் ஒன்று. தமிழ் மக்களின் உரிமை நியாயமானது என்ற ஏற்பு அந்த அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை. திறைசேரியின் வெறுமையில் எழுந்த சமாதானம், திறைசேரி ஓரளவு நிரம்பியதும் தளரத் தொடங்கியதில் வியப்பில்லை. 2003 நவம்பரில் ஜனாதிபதி பாதுகாப்பு உட்பட மூன்று அமைச்சுக்களைத் தம்வசம் எடுத்துக்கொண்டார். உடன்படிக்கை 2008 ஜனவரியில் முற்றாக முடிவுக்கு வந்தது. முஸ்லிம்களுக்குப் பேச்சுவார்த்தையில் தனித்தரப்பு அந்தஸ்து இறுதிவரை வழங்கப்படவில்லை.

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிவடைந்த பின்னரும் கடன்சுமை இறங்கவில்லை. பாதுகாப்புக்கான ஒதுக்கீடும் பெருமளவில் குறையவில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் மீள்செலுத்தலை நாடு இடைநிறுத்த நேர்ந்ததற்கு உடனடிக் காரணங்கள் வேறாயினும், வருமானத்தை மீறிச் செலவிட்டு அதைக் கேள்விக்குட்படுத்தாத அரசியற் பழக்கம் யுத்தகாலத்திலேயே வேரூன்றியது என்பதை மறுக்க முடியாது.

2001 கற்பித்த பாடம் இரு சமூகங்களுக்கும் பொதுவானது. ஆட்சி தள்ளாடும் வேளையில் சிறுபான்மைக் கட்சிகளின் ஆசனங்களுக்குப் பெறுமதி ஏறுகிறது. அந்தப் பெறுமதியை அமைச்சுப் பதவிகளாக மாற்றிக்கொண்டால் அது அந்த ஆட்சியுடனேயே மறைந்துவிடும். தமிழ், முஸ்லிம் தலைமைகள் தம்மிடையே முதலில் உடன்பட்டு, அதிகாரப் பகிர்வு, காணி, பாதுகாப்பு, மீள்குடியேற்றம் ஆகியவற்றைச் சட்டமாக எழுதுவித்துக்கொண்டால் மாத்திரமே அது நிலைக்கும். தென்னிலங்கையின் நெருக்கடி தமக்குத் தீர்வைக் கொண்டுவரும் என்று காத்திருப்பதால் பயனில்லை. நெருக்கடிகள் வந்து போயின; தீர்வு மாத்திரம் வரவில்லை.