கரண்ட் இல்லாத இடத்துக்கு எந்த விளக்கு?

(இறுதியாண்டு, மின்னியல் துறை)

முகாம் என்றதும் நாம் போடும் லிஸ்ட் என்ன? அரிசி, பருப்பு, கிரிக்கெட் பேட். அப்புறம் யார் சமைப்பது, யார் பாடுவது. விளக்கு? "அதான் எல்லார்கிட்டயும் செல்போன் டார்ச் இருக்கே மச்சான்" என்று ஒருவன் சொல்வான். பேச்சு அதோடு சரி. மின்கம்பம் எட்டாத மலையடிவாரத்தில் கூடாரம் போட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் அந்தப் பேச்சின் விலை தெரியும். நடுராத்திரியில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரையைத் தேட வெளிச்சம் வேண்டும். வண்டிக்குச் சொல்லியனுப்ப அதே செல்போனில் சார்ஜும் வேண்டும். எனவே போனைப் போனாக வைத்துக்கொள்வோம். விளக்கைத் தனியாக வாங்குவோம். எதை வாங்குவது? கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம்.

தீ விளக்கு

அரிக்கேன் விளக்கும் பெட்ரோமாக்ஸும் நம் தாத்தா காலத்து நண்பர்கள். பெட்ரோமாக்ஸில் பளீரென்று எரியும் மேண்டிலை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்டுபிடித்தவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். அதில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. அந்தத் தோரியம் தரும் மோனசைட் மணலைத் தேடித்தான் 1909 வாக்கில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி வரை வந்து சேர்ந்தார்!

பெருமை இருக்கட்டும். மண்ணெண்ணெயோ கேஸோ எரியும் எந்த விளக்கையும் கூடாரத்துக்குள் கொண்டு போகவே கூடாது. நைலான் துணியில் தீப்பட்டால் உருகி மேலே ஒட்டும். அதைவிட மோசம், காற்று போதாமல் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிறவனுக்குத் தெரியாமலே ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குளிருக்குக் கூடாரத்தை இறுக மூடிக்கொண்டு உள்ளே விளக்கையோ கரியடுப்பையோ வைப்பது உயிரோடு விளையாடுவது. உள்ளே எரிய வேண்டியது எல்.இ.டி. மட்டுமே.

வாட்டா, லூமனா?

கடையில் போய், "அண்ணே, எத்தனை வாட்?" என்று கேட்பது பழைய பழக்கம். வாட் என்பது விளக்கு தின்னும் மின்திறன். வெளிச்சத்தின் அளவு லூமன். குண்டு பல்பு 1 வாட்டுக்குச் சுமார் 10 லூமன் தரும். நல்ல எல்.இ.டி. 100 லூமனும் தாண்டும். (இதற்கு வழிதிறந்த நீலநிற எல்.இ.டி.க்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.) சர்க்யூட்டிலும் மூடியிலும் போகும் இழப்பைக் கழித்து, 1 வாட்டுக்கு 80 லூமன் என்று வைத்துக்கொள்வோம்.

மூன்று இரவுக்கான கணக்கு

எட்டுப் பேர், ஒரு கூடாரம். ஒரு இரவுக்கு என்ன வேண்டும்?

சமையல், சாப்பாடு: 300 லூமன், 2 மணி நேரம். 3.75 வாட் × 2 = 7.5 வாட்-ஹவர்.
அரட்டை, சீட்டு, படிப்பு: 100 லூமன், 3 மணி நேரம். 1.25 வாட் × 3 = 3.75 வாட்-ஹவர்.
தூங்கும்போது வழி தெரிய: 10 லூமன், 6 மணி நேரம். 0.125 வாட் × 6 = 0.75 வாட்-ஹவர்.

ஆக மொத்தம் 12. மூன்று இரவுக்கு 36. அவசரத்துக்குக் கால் பங்கு சேர்த்தால் 45 வாட்-ஹவர். அட, இவ்வளவுதானா? இவ்வளவேதான்! ஆனால் அதே விளக்கை 300 லூமனிலேயே 11 மணி நேரமும் எரியவிட்டால் ஒரே இரவில் 41 வாட்-ஹவர் போய்விடும். ஆகவே வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி இல்லாத லாந்தர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அட்டைப்பெட்டியில் "100 மணி நேரம் எரியும்" என்று போட்டிருந்தால், எந்த வெளிச்சத்தில் என்று கேளுங்கள். பெரும்பாலும் மிகக் குறைந்த வெளிச்சத்துக்கான கணக்காக இருக்கும்.

பேட்டரியில் ஏமாறாதீர்கள்

மில்லி ஆம்பியர்-ஹவரை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. அதை 1000-ஆல் வகுத்து வோல்ட்டேஜால் பெருக்கினால்தான் வாட்-ஹவர். 2600 என்று போட்ட 18650 லித்தியம் செல்லில் 2.6 × 3.7 = 9.6 வாட்-ஹவர். இரண்டு செல் உள்ள லாந்தரில் 19. கூடவே 10,000 மில்லி ஆம்பியர்-ஹவர் பவர் பேங்க் ஒன்று: 37 வாட்-ஹவர், ஏற்றி இறக்கும் இழப்பு போக 26 கைக்கு வரும். 19-ம் 26-ம் 45. நம் கணக்குக்குச் சரியாகப் போச்சு! ஆனால் அந்தப் பவர் பேங்க் விளக்குக்கு மட்டும்தான். போனுக்கு வேறு வேண்டும்.

18650 செல்லில் 9900 என்று அச்சடித்திருந்தால் அது பொய். நல்ல செல்லில் சாதாரணமாக 2000 முதல் 3500 வரைதான் இருக்கும். வீட்டில் கிடக்கும் பழைய எமர்ஜென்சி லைட்டில் இருப்பது 6 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி. சார்ஜ் இல்லாமல் மாசக்கணக்கில் கிடந்தால் அதன் தகட்டில் சல்பேட் படிந்து செத்துப்போகும். அதை நம்பிக் கிளம்புவதென்றால் முதல் வாரமே சார்ஜ் போட்டு, முழு இரவு எரியவிட்டுப் பாருங்கள்.

எங்கே தொங்கவிடுவது?

தலைகீழ் இருபடி விதி ஞாபகம் இருக்கிறதா? எல்லாப் பக்கமும் 200 லூமன் பரப்பும் விளக்கு, 1 மீட்டரில் 16 லக்ஸ் தரும். 2 மீட்டரில் 4 லக்ஸ்தான். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்கு! எனவே கொக்கி உள்ள லாந்தராகப் பார்த்து, வேலை நடக்கும் இடத்துக்கு நேர் மேலே, தலை இடிக்காத உயரத்தில் கட்டுங்கள். வெள்ளை வெளிச்சத்தைவிட மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவாக வரும். சோற்றில் விட்டில் விழுந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை புரியும்.

மழைக்கும் ஒரு வார்த்தை. ஐ.பி.எக்ஸ்.4 என்றால் சாரல் தாங்கும். எக்ஸ்.7 என்றால் 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். கூடாரத்துக்கு முதலாவதே போதும். ஒதுங்கப் போகிறவர் கையில் மட்டும் தனியாக ஒரு டார்ச் இருக்கட்டும். பாம்பு நடமாடும் இடத்தில் தரையைப் பார்த்து நடக்கத் தொங்கும் லாந்தர் உதவாது.

நண்பர்களே, வாட்-ஹவரை வாட்டால் வகுத்தால் மணி நேரம். முதலாம் ஆண்டிலேயே படித்த பாடம்தானே? பரீட்சைக்கு மட்டும் எதற்கு? அடுத்த முகாமுக்குக் கிளம்பும் முன் கடை வாசலில் நின்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். கூடாரத்தில் தூங்கும் எட்டுப் பேரும் நிம்மதியாகத் தூங்கலாம்!