பனிமலைக் குறி இல்லாத ஓல் சீசன் ரயர்

முதல் ஸ்நோ கொட்டிய மறுநாள் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எந்தக் கராஜுக்குப் போனாலும் வாசல்வரை வாகனங்கள் நிற்கும். "எது கிடக்கோ அதைப் போட்டுவிடுங்கோ அண்ணை, பின்னேரம் வேலைக்குப் போகோணும்" என்ற குரலை அங்கே தாராளமாகக் கேட்கலாம். அண்ணையும் கையிருப்பில் கிடப்பதைத்தான் போடுவார். ஒரு ராவ்4, சி.ஆர்-வி அளவு வாகனத்துக்கு நான்கு புதிய ரயர் போட்டால், பொருத்துக்கூலி, வரி எல்லாமாக ஆயிரம் டொலரைத் தாண்டுவது இன்று சாதாரணம். ஐந்தாறு வருடம் குடும்பத்தைச் சுமக்கப் போகிற பொருளை இப்படி அவதிப்பட்டு வாங்குவதில்தான் பாதிச் சிக்கல். மீதிப் பாதி, ரயரின் பக்கச் சுவரில் இருப்பதை வாசிக்காததில்.

அங்கே முதலில் தேட வேண்டியது ஒரு சின்னப் படம்: மூன்று முகடுள்ள மலை, அதற்குள்ளே ஒரு பனிப்பூ. 1999இல் வந்த குறி இது. இறுகிய பனியில் ஓட்டிச் சோதித்து, ஒப்பீட்டுக்கு வைத்த ரயரைவிடக் குறைந்தது 10 வீதம் கூடுதல் பிடிப்பைக் காட்டிய ரயருக்கே அந்தப் படம் கிடைக்கும். பலர் இதைத் தேடுவதில்லை. எம் + எஸ் என்ற எழுத்துகளைப் பார்த்தவுடன் "சேறும் பனியும் என்று போட்டிருக்கு, காணும்" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் எந்தப் பனிச் சோதனையும் கிடையாது. தவாளிப்புகள் எவ்வளவு திறந்திருக்கின்றன என்ற வடிவக் கணக்கை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது அது. சாதாரண ஓல் சீசன் ரயர் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அது இருக்கும்.

பனிமலைக் குறியையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். அந்தச் சோதனை, வாகனம் பனியில் எப்படி இழுத்துக்கொண்டு புறப்படுகிறது என்பதைத்தான் அளக்கிறது. கண்ணாடிபோல் உறைந்த தெருவில் பிரேக் அடித்தால் எங்கே நிற்கும் என்று அது சொல்லாது.

குளிரில் றப்பர் இறுகுவதுதான் இதற்கெல்லாம் அடிப்படை. வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினாலே சாதாரண ஓல் சீசன் ரயர் நெகிழ்வை இழக்கத் தொடங்குகிறது. ரொறன்ரோவில் நவம்பர் முதல் மார்ச் வரை பெரும்பாலான காலைகள் அந்தக் கோட்டுக்குக் கீழேதான். ஆக, ஸ்நோ விழாத வெறும் குளிர்நாளிலும் தார் ரோட்டில் பிடிப்புக் குறைகிறது. வின்ரர் ரயரின் றப்பர்க் கலவை குளிரில் மென்மையாகவே இருக்கும். ஆனால் யூலையில் ஓட்டினால் விரைவாகத் தேய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் வந்ததுதான் ஓல் வெதர் ரயர். வருடம் முழுக்கக் கழற்றாமல் ஓடலாம், பனிமலைக் குறியும் இருக்கும். நொக்கியன் நிறுவனம் தொடக்கி வைத்த வகை. மிஷெலின், ரோயோ, பிரிஜ்ஸ்டோன் எல்லோரிடமும் இன்று உண்டு. கடையில் கேட்கும்போது சீசனா, வெதரா என்று தெளிவாகக் கேளுங்கள். ஒரேமாதிரி ஒலித்தாலும் வாங்கும் பொருள் வேறு.

என் கருத்தைக் கேட்டால் இவ்வளவுதான். மாடிக் குடியிருப்பில் இருக்கிறீர்கள், இன்னொரு தொகுதி ரயரை வைக்க இடமில்லை, ஓட்டமும் பெரும்பாலும் நகருக்குள்தான் என்றால் ஓல் வெதர் போதும். உப்பு வண்டியும் பனிவாரியும் வருமுன் அதிகாலை நான்கு மணிக்கு வேலைக்குப் புறப்படுபவர்கள், பரி, மஸ்கோகா, சட்பரி என்று வடக்கே ஓடுபவர்கள் வின்ரர் ரயருக்குக் காசு ஒதுக்குங்கள். "எங்கட வாகனம் நாலு சில்லும் இழுக்கும், அதுக்கு ஏன் வின்ரர் ரயர்?" என்பது எஸ்.யு.வி. வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி வரும் கேள்வி. நாலு சில்லும் இழுத்தால் புறப்படுவது சுலபம். பிரேக் எல்லா வாகனத்திலும் நாலு சில்லுக்கும் உண்டு. அங்கே உதவுவது ரயரின் பிடிப்பு மட்டும்தான்.

சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். கியூபெக்கில் பதிந்த வாகனங்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். பனிமலைக் குறியோ ஆணியோ இல்லாதது அங்கே வின்ரர் ரயராகக் கணக்கில் வராது. தண்டம் 200 முதல் 300 டொலர். மொன்றியல் கோயில் திருவிழாவுக்குப் போகும் ஒன்ராறியோ தகடு வாகனத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பாதைகளில் ஒக்ரோபர் முதலே வின்ரர் ரயர் விதி உண்டு, ஆனால் எம் + எஸ் ரயரையும் அங்கே ஏற்கிறார்கள். ஒன்ராறியோவில் கட்டாயமே இல்லை. பதிலுக்கு, 2016 ஜனவரி 1 முதல் இங்குள்ள எல்லா வாகனக் காப்புறுதி நிறுவனங்களும் வின்ரர் ரயருக்குக் கழிவு கொடுத்தாக வேண்டும். கேட்காதவருக்கு அது தானாக வந்து சேராது. ஓல் வெதர் ரயரைக் கணக்கில் எடுப்பார்களா, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை போட்டிருக்க வேண்டும் என்பதை உங்கள் முகவரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். கழிவை வாங்கிக்கொண்டு ரயரைப் போடாமல் ஓட்டுவது, விபத்துக்குப் பிறகு உங்கள் தலையில்தான் விழும்.

தேய்மானத்திலும் சட்டம் வேறு, புத்தி வேறு. ஒன்ராறியோச் சட்டப்படி தவாளிப்பு ஆழம் 1.5 மி.மீ. இருந்தால் ஓட்டலாம். பனியில் ஓட்ட 4 மி.மீ. ஆவது வேண்டும் என்று கனடியப் போக்குவரத்துத் திணைக்களம் சொல்கிறது. புதிய ரயரில் இருப்பது ஏறத்தாழ 8 மி.மீ. அப்படியென்றால் பாதி தேய்ந்த ரயர் பனிக்கு முடிந்துபோன ரயர்.

இனி அளவு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். 225/65ஆர்17 102எச் என்று இருக்கிறது என்று வையுங்கள். 102 என்பது ஒரு ரயர் 850 கிலோ தாங்கும் என்பதன் குறியீடு. எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வேகத் தரம். "இதே அளவுதான் அண்ணை, 99 கிடக்கு, மலிவு" என்று தந்தால் அது 775 கிலோதான் தாங்கும். ஏழு மூட்டை அரிசியும் பிள்ளைகளுமாகப் போகும் வாகனத்தில் அந்த வித்தியாசம் விளையாட்டில்லை. காற்றழுத்தத்துக்கும் அந்தத் தாளையே பாருங்கள். ரயரில் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச எல்லை. வெப்பம் ஐந்தாறு பாகை இறங்கினால் அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. அளவு இறங்கும். கனடாவில் காற்றழுத்த உணரிகள் சட்டப்படி கட்டாயம் இல்லை என்பதால் வின்ரர் சில்லில் அவை இல்லாமலும் போகலாம்; அப்போது கையால் அளந்து பார்ப்பது உங்கள் வேலை.

டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் நீண்ட எண்ணின் கடைசி நான்கு இலக்கம்தான் ரயரின் பிறந்த நாள். 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். பாவித்த ரயர் வாங்குபவர்கள் தவாளிப்பை மட்டும் பார்க்கிறார்கள். ஆழம் நன்றாக இருக்கும், றப்பர் பத்து வயது கடந்திருக்கும். முழு எண்ணும் சில வேளை உள்பக்கச் சுவரில்தான் இருக்கும். குனிந்து பார்க்கக் கூச்சப்படாதீர்கள். நாலு சில்லும் இழுக்கும் வாகனத்தில் ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவதும் ஆபத்து. சுற்றளவு வித்தியாசத்தால் விசைப்பெட்டி ஓயாமல் உழைத்துச் சூடாகும். ஒரு ரயரில் மிச்சம் பிடித்தது அங்கே பல மடங்காகப் போகும்.

ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாகனத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் பொருந்தும். எழுத்தில் மதிப்பீடு கேட்பது உங்கள் உரிமை. கடைசிப் பற்றுச்சீட்டு அந்தத் தொகையை 10 வீதத்துக்கு மேல் தாண்டக்கூடாது. நீங்கள் சம்மதிக்காத வேலைக்குக் காசு கேட்க முடியாது. பற்றுச்சீட்டில் வரும் "எக்கோ கட்டணம்" அரசாங்க வரி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பழைய ரயர்களுக்கான அரசுத் திட்டம் 2018 கடைசியோடு முடிந்துவிட்டது. பழைய ரயரை மீள்சுழற்சி செய்யும் பொறுப்பு 2019 முதல் தயாரிப்பாளருடையது. செலவை விலையில் சேர்க்கலாம், ஆனால் கட்டாய அரசுக் கட்டணம் என்று காட்டக்கூடாது.

ஒரு விடயம் பலருக்குத் தெரியாது. திருத்த வேலைக்கு அதே சட்டம் தரும் 90 நாள் அல்லது 5,000 கி.மீ. உத்தரவாதம் ரயருக்குப் பொருந்தாது. ஆகவே தேய்மானத்துக்குக் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் தயாரிப்பாளரின் உத்தரவாதம்தான். 100,000 கி.மீ. என்று போட்டிருக்கும் ரயர் 60,000இல் தேய்ந்துபோனால் காசு முழுதாகத் திரும்பாது. ஓடாத 40 வீதத்துக்கு அடுத்த ரயரில் கழிவு கிடைக்கும். அதற்கும் குறித்த தூரத்துக்கு ஒருமுறை ரயரை முன்பின் மாற்றிப் போட்ட பதிவு கேட்பார்கள். பதிவு இல்லாதவரின் கோரிக்கை அங்கேயே முடிந்துவிடும்.

புதியது என்று பழைய ரயரையோ, ஓல் வெதர் என்று சாதாரண ஓல் சீசனையோ தந்துவிட்டால் முதலில் கடைக்கு எழுத்தில் அறிவியுங்கள். பொய் சொல்லி விற்ற ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குள் முறித்துக் காசைத் திருப்பிக் கேட்கலாம். மசியாவிட்டால் மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவு. அதற்கும் மேலே சிறு உரிமைக்கோரல் நீதிமன்றம். அங்கே சட்டத்தரணி இல்லாமலே வழக்குப் போடலாம். ரயர் வீங்குவது, மேற்பட்டை உரிவது போன்ற உற்பத்திக் குறை என்றால் கனடியப் போக்குவரத்துத் திணைக்களத்தின் குறைபாட்டு விசாரணைப் பிரிவுக்கும் அறிவியுங்கள். 2000 ஓகஸ்டில் பயர்ஸ்டோன் நிறுவனம் 6.5 மில்லியன் ரயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்ட் எக்ஸ்புளோரர் எஸ்.யு.வி.களில் போட்டிருந்தவை. மேற்பட்டை உரிந்து வாகனம் புரண்டதில் அமெரிக்காவில் மாத்திரம் 271 பேர் இறந்ததாகப் பதிவு. சாரதிகளின் முறைப்பாடுகள் சேர்ந்துதான் அந்த விசாரணை அசைந்தது. உங்கள் ரயர் திரும்பப் பெறும் பட்டியலில் வந்தால் உங்களைத் தேடிப் பிடிக்க நிறுவனத்துக்கு உதவுவது, நீங்கள் அதன் தளத்தில் பதிந்த டி.ஓ.டி. எண்.

ஆகவே காசு கட்டுமுன் அந்த எண், ரயரின் முழுப் பெயர், அளவு மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் ரயர் போட வேண்டாம்.