ஆச்சி வீட்டுச் சுவரும் நீர்வண்ணமும்

மழையில் நனைந்த சுவர், காய்ந்த சுவரைவிடக் கறுத்துத் தோன்றுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சட்டையில் தண்ணீர் சிந்தினால் சிந்திய இடம் மட்டும் அடர்ந்த நிறம் கொள்கிறது. தண்ணீருக்கோ நிறம் கிடையாது. நிறமற்ற ஒன்று மற்றொன்றின் நிறத்தை எப்படி மாற்றுகிறது? கல்லூரியில் ஒளியியல் கற்பித்து வந்தும், இந்தக் கேள்வியை நான் மனத்தில் வாங்கிக் கொண்டதில்லை. ஓர் ஓவியம் வரைய உட்கார்ந்தபோதுதான் அது என்னை மறித்து நின்றது.

என் தாயாரைப் பெற்ற ஆச்சியின் வீடு செங்கோட்டையில் இருந்தது. ஓட்டு வீடு, நடுவே முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். கோடை விடுமுறையின் கடைசி நாட்களில் மேற்கு மலையிலிருந்து சாரல் இறங்கத் தொடங்கும். மேற்குக் காற்று முற்றத்தின் கிழக்குச் சுவரில் மோதும். சுண்ணாம்பு அடித்த அச்சுவர் மேலிருந்து கீழாக நனைந்து, வெள்ளை மங்கி, நீலம் பாரித்த சாம்பல் நிறத்துக்கு மாறும். தாழ்வாரத்தில் உட்கார்ந்து அந்த நிறம் இறங்குவதைப் பார்த்துக் கொண்டிருப்போம்.

2011ஆம் ஆண்டில் வீட்டை விற்றோம். வாங்கியவர் இடித்துவிட்டு மாடி வீடு கட்டிக்கொண்டார். பழைய வீட்டின் புகைப்படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இருப்பவை கல்யாணப் படங்கள். அவற்றில் மனிதர்கள் இருக்கிறார்கள், வீடு இல்லை. எழுபது வயதைக் கடந்துவிட்ட என் தாயார், அந்த முற்றத்தை மழையோடு இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று அடிக்கடி சொல்வார். பள்ளி நாட்களில் நீர்வண்ணம் பழகியிருந்ததால் வரைந்து கொடுக்கலாம் என்று துணிந்தேன்.

தூரிகை ஈரமாக ஓடும்போது சுவர் அப்படியே வந்தது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் தாள் காய்ந்திருந்தது. படத்திலிருந்த சுவரும் காய்ந்திருந்தது! மழை விட்டு, வெயில் அடித்து, வெளிறிப்போன சுவர். நான்கு தாள்களிலும் இதே கதைதான்.

இதைப் புரிந்துகொள்ள முதலில் வெள்ளை என்பது என்ன என்று பார்க்க வேண்டும். கற்கண்டுத் துண்டு ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். ஏறக்குறையக் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் பொருள் அது. அதையே பொடித்தால் வெள்ளைப் பொடி கிடைக்கிறது. பொருள் மாறவில்லை, பரப்புகள்தாம் பெருகிவிட்டன. ஒளி ஒரு துகளுக்குள் நுழையும்போதும் அதைவிட்டு வெளியேறும்போதும் சிறிதளவு திருப்பி அனுப்பப்படுகிறது. ஆயிரக்கணக்கான பரப்புகளில் மோதி எல்லாத் திசைகளிலும் சிதறி, வந்த ஒளியில் பெரும்பகுதி நம் கண்ணுக்கே திரும்பிவிடுகிறது. அதைத்தான் வெள்ளை என்கிறோம். தாளும் இவ்வாறே. செல்லுலோஸ் இழை தனியே நிறமற்றது. பின்னிக் கிடக்கும் இழைகளும், அவற்றின் இடையிலுள்ள காற்றும் சேர்ந்தே தாளை வெள்ளையாக்குகின்றன. காற்று இங்கே மிக முக்கியமானது.

ஒரு பரப்பில் எவ்வளவு ஒளி எதிரொளிக்கும் என்பது இரு பக்கமும் உள்ள பொருள்களின் ஒளிவிலகல் எண்களைப் பொறுத்தது. செங்குத்தாக விழும் ஒளிக்குக் கணக்கு எளிது: இரண்டு எண்களின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, வந்த விடையை வர்க்கப்படுத்த வேண்டும். காற்றின் எண் 1. செல்லுலோஸின் எண் சுமார் 1.53. ஆகவே காற்றும் இழையும் சந்திக்கும் இடத்தில் 4.4 சதவீத ஒளி திரும்புகிறது. காற்றை வெளியேற்றிவிட்டு அங்கே தண்ணீர் புகுந்தால்? தண்ணீரின் எண் 1.33. இப்போது திரும்புவது 0.5 சதவீதம்தான். ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது! திசை திரும்பாத ஒளி தாளுக்குள் ஆழமாகச் செல்கிறது. சிறிதளவு உள்ளே உட்கவரப்படுகிறது. சிறிதளவு மறுபுறம் வெளியேறுகிறது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மேசைமேல் வைத்துப் பார்த்தால் நனைந்த இடம் கறுப்பாகத் தெரியும். அதே தாளைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் நனைந்த இடம்தான் அதிக வெளிச்சமாக இருக்கும். முன்பக்கம் இழந்தது பின்பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது. வடை மடித்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடமும் இதே கதை. எண்ணெயின் ஒளிவிலகல் எண் செல்லுலோஸுக்கு இன்னும் நெருக்கமானது என்பதால் அங்கே ஊடுருவல் மேலும் கூடுகிறது.

சுவருக்குப் பின்பக்கம் ஒளி போக வழியில்லை. உள்ளே சென்ற ஒளி சுண்ணாம்பிலும் அதனுள் படிந்த அழுக்கிலும் மெல்ல மெல்ல உட்கவரப்பட்டு அழிகிறது. இன்னொரு காரணமும் உண்டு. அதை 1925இல் ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராம் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் விளக்கினார். நனைந்த பரப்பின்மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது. சுவரிலிருந்து சிதறி வெளிவரும் கதிர்களில், சுமார் 49 பாகைக்கு மேல் சாய்ந்து செல்பவை நீரைவிட்டு வெளியேற முடியாமல் முழு அக எதிரொளிப்பு அடைந்து சுவருக்கே திரும்புகின்றன. திரும்பிய ஒவ்வொரு முறையும் ஒளியில் ஒரு பகுதி சுவரில் மாய்கிறது. 1988இல் லெக்னர், டோர்ஃப் என்ற இருவர் இக்கணக்கை மேலும் திருத்தி எழுதினார்கள். வகுப்பில் நாம் முப்பட்டகத்தை வைத்துக்கொண்டு விளக்கும் மாறுநிலைக் கோணம், மழைக்காலத்தில் ஒவ்வொரு சுவரிலும் வேலை செய்கிறது.

இனி ஓவியத்துக்கு வருவோம். நீர்வண்ணம் என்பது மிக நுண்ணிய நிறமித் துகள்களை, வேல மர இனத்தைச் சேர்ந்த மரங்களின் பிசினோடு குழைத்துச் செய்வது. தண்ணீர் அதைப் பரப்புவதற்கு மட்டுமே. வேலை முடிந்ததும் அது ஆவியாகிவிடுகிறது. நிறமிகளின் இடையிலும் இழைகளின் இடையிலும் மீண்டும் காற்று வந்து அமர்கிறது. சிதறல் கூடுகிறது, நிறம் வெளிறுகிறது. அதாவது, சுவர் உலர்ந்ததற்கும் என் படம் உலர்ந்ததற்கும் காரணம் ஒன்றே. ஈரச் சுவரை ஈர வண்ணத்தால் வரைந்தேன். இரண்டும் ஒரே விதிப்படி காய்ந்தன.

எண்ணெய் வண்ணத்துக்கு மாறிவிடலாமே என்றார் என்னுடன் பணிபுரியும் வேதியியல் ஆசிரியர். அவர் சொன்னது நியாயம்தான். ஆளிவிதை எண்ணெய் ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகி, நிறமிகளைச் சூழ்ந்து அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால் எண்ணெய் ஓவியம் என்றும் நனைந்ததுபோலவே இருக்கும். ஆனால் ஆச்சி வீட்டு ஓடுகளின் நடுவே ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. அதன் வழியே தாழ்வாரத்தில் ஒரு வெளிச்சத் துண்டு விழும். நீர்வண்ணத்தில் அதற்கு வண்ணமே தேவையில்லை, தாளைத் தொடாமல் விட்டால் போதும். அந்த வெள்ளையை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே காய்ந்த பின் என்ன ஆகும் என்று ஒரு துண்டுத் தாளில் முன்கூட்டியே பார்த்து, அதற்கேற்பக் கூடுதல் அடர்த்தியாகத் தீட்டுவது என்று முடிவு செய்தேன். ஓவியர்கள் எல்லாரும் செய்வது இதுதான்.

ஆனால் எவ்வளவு அடர்த்தி? சுவரின் உண்மை நிறம் தெரிந்தால்தானே? ஆச்சி வீட்டில் சுண்ணாம்போடு துணிக்குப் போடும் நீலப் பொடியைச் சிறிது கலப்பார்கள். சுண்ணாம்பின் லேசான மஞ்சளை நீலம் அமுக்கிவிடும். மொத்த ஒளி சற்றுக் குறைந்தாலும் கண்ணுக்கு அதிக வெள்ளையாகத் தோன்றும். அந்தப் பொடி அல்ட்ராமரின். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்தின் படக்‌ஷான் மலையில் வெட்டியெடுத்த நீலக்கல்லை அரைத்துத்தான் இதைப் பெற்றார்கள். வெண்களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சூடாக்கிச் செயற்கையாகச் செய்யும் முறைக்காக 1828இல் பிரான்சில் கிமே என்பவர் பரிசு பெற்றார். சுண்ணாம்பின் காரத்தை இந்நீலம் தாங்கும். பிரஷ்யன் நீலம் தாங்காது. என் வண்ணப் பெட்டியிலும் இதே அல்ட்ராமரின்தான் இருந்தது என்பதைக் கண்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லத்தான் வேண்டும். (இப்போது புட்டியில் விற்கும் சொட்டு நீலம் சாயத்தால் ஆனது, சோதனைக்கு அது உதவாது.)

ஒரு செங்கல்லை எடுத்துச் சுண்ணாம்பும் பொடி நீலமும் கலந்து மூன்று முறை பூசிக் காயவைத்தேன். பிறகு தண்ணீர் தெளித்தேன். நிறம் கறுத்தது உண்மை. ஆனால் வெறும் சாம்பல். என் நினைவிலிருந்த நீலம் அதில் இல்லை. நினைவு பொய் சொல்கிறதோ என்று எண்ணினேன். செங்கல், புல், வானம் போன்று பழகிய பொருள்களின் நிறத்தை நினைவிலிருந்து காட்டச் சொன்னால், மக்கள் பொதுவாக உள்ளதைவிடச் செறிவான நிறத்தையே காட்டுகிறார்கள் என்று பார்ட்லீசன் 1960இல் எழுதியிருக்கிறார். ஆகவே செங்கல்லையே நம்பி, சாம்பல் நிறத்தில் ஐந்தாவது படத்தைத் தொடங்கினேன். அம்மா பார்த்துவிட்டு, "நம்ம சுவரு இப்படியா இருந்துச்சு? இன்னும் நீலமாட்டுல்லா இருக்கும்" என்றார். இருவருக்கும் ஒரே பொய்யா?

படத்தை மூடிவைக்காமல் மற்ற பகுதிகளைத் தீட்டிக்கொண்டே போனேன். சுவரின் அடிப்புறம் இரண்டடி உயரத்துக்கு ஆச்சி காவி அடித்து வைத்திருப்பார். அந்தக் காவிப் பட்டையைத் தீட்டி முடித்ததும் அதன் மேலிருந்த சாம்பல், நான் தொடாமலே, நீலமாயிற்று! பாரிசின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த ஷெவ்ரல் 1839இல் விரிவாக எழுதிய நிறமுரண் இதுவே: அருகருகே உள்ள இரு நிறங்களில் ஒவ்வொன்றும் மற்றதைத் தன் எதிர்நிறத்தின் பக்கம் தள்ளுகிறது. காவியின் எதிர்ப்பக்கம் நீலம். என் செங்கல்லின் எல்லாப் பக்கத்திலும் சுண்ணாம்பு பூசியிருந்தேன். காவி அடிக்க எனக்குத் தோன்றவில்லை. நாங்கள் நினைவில் வைத்திருந்தது சுண்ணாம்பின் நிறத்தை அல்ல, காவிக்கு மேலே நின்ற சுண்ணாம்பின் நிறத்தை.

காய்ந்த பின் படத்தை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, தாழ்வாரத்து இறவாணத்துக்குக் கீழே விரலை வைத்து, "ஓட்டுத் தண்ணி பிடிக்க இங்க ஒரு அண்டா இருக்கும்லா, அத எங்க?" என்று கேட்டார்.