வாய் மூட மறுத்தால்...

கொட்டாவி விட்டவருக்குத் திடீரென வாயை மூட முடியாமல் போகிறது. பேச்சுத் தெளிவில்லை, எச்சில் வடிகிறது. வீட்டார் பாரிசவாதம் என்று பயப்படுகின்றனர். ஆனால் இது தாடை மூட்டு விலகலாக இருக்கலாம். (கை, கால் சோர்ந்தால் அது வேறு, அதற்கும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.)

ஏன் விலகுகிறது?

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். அங்கே அசைவதுதான் தாடை மூட்டு. வாயை அளவுக்கு மிஞ்சித் திறந்தால், தாடை எலும்பின் தலை குழியை விட்டு முன்னுள்ள மேட்டைத் தாண்டிவிடுகிறது. வண்டிச் சில்லு வரப்பைத் தாண்டி மறுபக்கம் இறுகுவது போன்றது இது. தசைகளும் இறுகிவிடுவதால் தாடை தானாகத் திரும்பி வருவதில்லை. பெரிய கொட்டாவி, கடும் வாந்தி, பெரிய கடி, நெடுநேரப் பல் சிகிச்சை, முகத்தில் அடி ஆகியவை இதற்குக் காரணமாகலாம்.

என்ன செய்யலாம்?

* தாடையில் அடிக்கவோ, அதை மேல்நோக்கித் தள்ளவோ வேண்டாம். எலும்பு முறிந்திருந்தால் கேடு கூடும்.
* உணவோ நீரோ கொடுக்க வேண்டாம்.
* நோயாளியை முன்னே குனிந்து இருக்கச் செய்யுங்கள். எச்சில் வெளியே வடியட்டும்.
* நாடியைத் துவாயால் மெதுவாகத் தாங்கிக்கொண்டு வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். வாகன வசதியில்லையெனில் 1990 இலவச அம்புலன்சை அழைக்கலாம்.

பின் கடைவாய்ப் பற்களைக் கீழே அழுத்தி, தாடையைப் பின்னே தள்ளி வைத்தியர் அதனைப் பொருத்துவார். ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீசின் நூல்களில் இம்முறை கூறப்பட்டுள்ளது. எனினும் பழகாதவர் செய்தால் விரல் கடிபடும், மூட்டும் கெடும். தாமதித்தால் தசை மேலும் இறுகும். எனவே "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருந்துவிடாதீர்கள்.

மீண்டும் வராமல் காப்பது எப்படி?

ஒருமுறை விலகிய மூட்டு மறுபடியும் விலகக்கூடும். ஆகவே சில வாரங்களுக்குக் கவனம் தேவை. முதலில் கஞ்சி, குழைந்த சோறு, பருப்பு போன்ற மென்மையான உணவை உண்ணுங்கள். கரும்பைப் பல்லால் உரிக்க வேண்டாம். மாங்காய், கொய்யாவைச் சிறு துண்டுகளாக வெட்டி உண்ணுங்கள். கொட்டாவி வரும்போது தலையைக் குனிந்து, மூடிய கையை நாடியின் கீழ் வைத்துத் தாங்குங்கள். பல் வைத்தியரிடம் சென்றால், முன்பு தாடை விலகியதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அடிக்கடி விலகினால் அதற்கும் சிகிச்சை உண்டு.

நாடியின் கீழ் வைக்கும் கைக்குச் செலவில்லை. இப்பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள்.