மார்கழிக் காற்றும் மோட்டார் சைக்கிளும்

மார்கழி மாத அதிகாலையில் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைப் பக்கம் போயிருக்கிறீர்களா? சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து பூ மூட்டைகளை மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு பலர் வருவார்கள். தலையில் மப்ளர், உடம்பில் ஸ்வெட்டர். அப்படியும் பற்கள் கிடுகிடுக்க வந்து இறங்குவார்கள். அதே நேரத்தில் வாசலில் கோலம் போடுகிறவர்களோ ஸ்வெட்டர் இல்லாமலே சாதாரணமாக இருப்பார்கள். இருவரையும் சூழ்ந்திருப்பது ஒரே காற்று. வெப்பநிலையும் ஒன்றே, சுமார் 20 டிகிரி செல்சியஸ். பின் ஒருவருக்கு மட்டும் ஏன் இந்த நடுக்கம்?

காற்று வேகமாக வீசினால் அதன் வெப்பநிலை குறைந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். இது சரியா? மின்விசிறிக்கு முன்னால் உலர்ந்த வெப்பமானி ஒன்றை வைத்துப் பாருங்கள். பாதரசம் இறங்காது. வெப்பமானி ஏற்கெனவே அறைக்காற்றின் வெப்பநிலையில்தான் இருக்கிறது. இழப்பதற்கு அதனிடம் அதிக வெப்பம் இல்லை.

நம் உடல் அப்படிப்பட்டதன்று. அது உள்ளே 37 டிகிரியில் இயங்கும் ஓர் அடுப்பு. தோலின் வெப்பநிலை சுமார் 33 டிகிரி. தோலை ஒட்டியுள்ள காற்று இதனால் சற்றுச் சூடாகி, மெல்லிய போர்வையைப் போல நம்மைச் சுற்றி நிற்கிறது. அசையாமல் இருக்கும்வரை இந்தக் காற்றுப் போர்வை நம் வெப்பத்தைக் காக்கும். மொபெட் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது என்ன ஆகிறது? காற்றே இல்லாத காலையிலும், ஓட்டுபவரின் மேல் 40 கிலோமீட்டர் வேகக் காற்று மோதுகிறது. எதிர்க்காற்று 10 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் மோதும் வேகம் 50 ஆகிவிடும். அது அந்தச் சூடான போர்வையை ஓயாமல் பிய்த்தெறிகிறது. உடல் மறுபடி மறுபடி புதிய குளிர்காற்றைச் சூடாக்க வேண்டியிருக்கிறது. சூடான காப்பியை விசிறினால் விரைவில் ஆறிவிடுவதும் இதனால்தான்.

இந்த இழப்பை அளக்க முயன்றவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரு அமெரிக்கர்கள். சைப்பிள் 1928-ல் சாரணர் மாணவராக இருந்தபோதே அன்டார்க்டிகாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்! பின்னர் அதே கண்டத்தில் இருவரும் நீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருளையைக் காற்றில் தொங்கவிட்டு, நீர் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கிட்டார்கள். முடிவுகள் 1945-ல் வெளியாயின. அதைத் திருத்தி, மனிதர்களைக் காற்றுச் சுரங்கத்தில் நடக்கவைத்துச் சோதித்த புதிய கணக்கு 2001-ல் நடைமுறைக்கு வந்தது. 10 டிகிரியும் அதற்குக் கீழும் உள்ள குளிருக்கே அது பொருந்தும்.

மதுரைச் சமவெளியில் இந்தக் கணக்குக்கு வேலை இல்லை. ஆனால் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறுங்கள். மதுரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஒரு கிலோமீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஆகவே மதுரையில் 21 டிகிரி என்றால், மலைமேல் ஏறத்தாழ 8 டிகிரி. அங்கே 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓட்டினால், முகத்தில் 4 டிகிரிக் குளிர்போல உறைக்கும்.

இப்போது ஸ்வெட்டரைக் கவனிப்போம். கம்பளி இழை தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கிடையே காற்றைப் பிடித்து வைப்பதே அதன் வேலை. அசையாத காற்று வெப்பத்தை மிகவும் அரிதாகவே கடத்தும். ஆனால் ஸ்வெட்டர் முழுதும் கண்ணுக்குத் தெரியும் துளைகள்! வீட்டில் அணிந்தால் போதுமான அது, வண்டியில் காற்றை உள்ளே விட்டுவிடுகிறது. ஆகவே இரண்டு வேலைகளுக்கு இரண்டு ஆடைகள் தேவை. உள்ளே காற்றைப் பிடித்து வைக்க ஸ்வெட்டர். வெளியே காற்றைத் தடுக்க மழைக்கோட்டு. வரிசையை மாற்றி, மழைக்கோட்டின்மேல் ஸ்வெட்டரை அணிந்தால், ஸ்வெட்டர் பிடித்து வைத்த காற்றை எதிர்க்காற்று அடித்துச் சென்றுவிடும். மழைக்கோட்டு இல்லையா? நான்கைந்து செய்தித்தாள்களை ஸ்வெட்டருக்குள் மார்பில் வைத்துக்கொள்ளலாம். பிரான்சு நாட்டு மலைச் சாலைகளில் சைக்கிள் பந்தய வீரர்கள் இறக்கத்தில் இதைத்தான் செய்துவந்தார்கள்.

ஈரம் இன்னொரு எதிரி. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். மலைப்பாதையில் மேகத்துக்குள் புகுந்து சட்டை நனைந்தால், அந்த வெப்பம் பெருமளவு உங்கள் உடலிலிருந்தே போகும். நீர், காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குளிர் வெறும் தொந்தரவு மட்டுமா? இல்லை. உடல் குளிரும்போது இதயம், மூளை முதலியவற்றைக் காப்பதற்காக, கைகால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. விரல்கள் மரத்துப்போகின்றன. பிரேக்கைப் பிடிக்க வேண்டிய விரல்கள் அவைதாம்! கொண்டை ஊசி வளைவில் அரை நொடித் தாமதமும் ஆபத்து. ஆகவே கையுறை அவசியம். அதோடு மார்பையும் சூடாக வைத்தால்தான் விரல்களுக்கு இரத்தம் தாராளமாகப் பாயும். மப்ளரின் நுனிகளைச் சட்டைக்குள் செருகி, அதன்மேல் ஹெல்மெட் அணிய வேண்டும். தொங்கும் துணி சக்கரத்தில் சிக்கிக்கொள்ளும். நீங்கள் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறவரா? உங்களுக்குரிய காற்றையும் அவரே வாங்கிக்கொள்கிறார் என்பதை மறவாதீர்கள்.

கனடாவிலும், நம் காஷ்மீரத்துக் குல்மார்கிலும் பனியின்மீது ஓடும் ஸ்னோமொபைல் என்ற மோட்டார் வண்டி உண்டு. கனடாவில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக் குளிரில், 60 கிலோமீட்டர் வேகத்தில் அதை ஓட்டினால், பூஜ்யத்துக்குக் கீழே 36 டிகிரிபோல உறைக்கும். மூடாத தோல் விரைவில் உறைந்துவிடக்கூடும். அவர்களும் செய்வது இதே மூன்றுதான்: வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் உள்ளாடை, காற்றைப் பிடித்து வைக்கும் நடு ஆடை, காற்றுப் புகாத வெளியாடை.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே அளவுள்ள மூன்று டம்ளர்களில் சம அளவு வெந்நீர் ஊற்றி அட்டையால் மூடுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதைக் கம்பளித் துணியால் சுற்றுங்கள். மூன்றாவதைக் கம்பளியால் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் உறையால் மூடுங்கள். மூன்றையும் மேசை மின்விசிறிக்கு முன் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள். பிறகு நான்காவது டம்ளரை ஈரக் கம்பளியால் சுற்றி வைத்துப் பாருங்கள். அது, ஒன்றுமே சுற்றாத முதல் டம்ளரைவிட மெதுவாக ஆறுமா, விரைவாக ஆறுமா? முதலில் விடையை ஊகித்து எழுதிவிட்டு, பிறகு விசிறியைப் போடுங்கள்.